ரன்னும் ரொட்டியும்

 

சில மாதங்களாக நோன்பு, ஸகாத், பிள்ளை வளர்ப்பு என்று கனமான விடயங்களையே இப்பக்கத்தில் பேசி வந்தோம். இம்மாதம் கொஞ்சம் இலேசாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் இந்த எளியவனிடம் உள்ள ஒரு பலவீனத்தை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குக் கிரிக்கட் பைத்தியம் உண்டு.

என்ன, சிரிக்கிறீர்களா? மௌலவிக்குமா என்று கேட்கிறீர்களா? மௌலவியும் இந்த நாட்டில்தானே பிறந்து வளர்ந்தார்! அதிலும் நாங்கள் மலைநாட்டுக்காரர்கள். இங்கே சமதரையில் விளையாடிப் பழகிய பிள்ளை எங்கே இருக்கிறது? ஓங்கி ஓர் அடி அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும். அதைத் தேடி எடுப்பதற்குள் காலில் நாலு அட்டை ஏறிவிடும். கீழ்ப்பக்கம் அடித்தாலோ கதை முடிந்தது. பந்து உருண்டு உருண்டு ஆற்றில் போய் விழும்வரை ஓட்டம் எடுத்துக்கொண்டே இருக்கலாம். துரைமார் தங்களுக்கென்று டிக்கோயாப் பக்கம் டாரவலையிலும், நானுஓயாப் பக்கம் றதல்லையிலும் மலையை வெட்டிச் சமப்படுத்தி மைதானம் போட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு லயத்து முற்றமும் கடைத்தெருவின் பின்பக்கமும்தான். தேயிலைப் பெட்டியின் பலகைதான் மட்டை.

அப்படி வளர்ந்த ஆள் நான். ஆகவே 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தபோது நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இலங்கையும் இந்தியாவும் மோதுகின்றன. ஒரு வாரத்துக்கு முன்பே வீட்டில் சொல்லி வைத்தேன்: “அன்றைக்கு என்னை ஒரு வேலைக்கும் கூப்பிடக் கூடாது. பக்கத்து வீட்டு ஹாஜியாரும் கடைத்தெருவில் நாலைந்து பேரும் வருவார்கள். ஏதாவது கடிக்கச் செய்து வையுங்கள்.”

மனைவி தலையை ஆட்டினார். அறுபது ரோல்ஸுக்குக் காலையிலேயே மாக் கரைத்தார். மீன் அவித்து, கிழங்கு மசித்து, வெங்காயம் வெட்டி, ஒவ்வொன்றாகச் சுருட்டி வைத்தார்.

ஹாஜியார் வந்தார். மற்றவர்களும் வந்தார்கள். கொழும்பில் மழை பெய்து கொஞ்சம் தாமதம். பிறகு தொடங்கியது. தொடங்கிய வேகத்தில் நம்மவர்கள் ஒவ்வொருவராக வெளியே வரவும் தொடங்கினார்கள். சிராஜ் என்ற அந்த இந்தியப் பந்து வீச்சாளர் ஒரே ஓவரில் நாலு பேரை அனுப்பி வைத்தார். அன்று மொத்தமாக 21 ஓட்டம் கொடுத்து 6 விக்கட். நம் அணி 15.2 ஓவரில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இந்தியா 6.1 ஓவரில் அடித்து முடித்துவிட்டுப் போனது. ஏழெட்டு மணித்தியாலம் நடக்க வேண்டிய போட்டி இது! ஹாஜியார் ஒன்றும் பேசாமல் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த நேரம் பார்த்துக் குசினியில் இருந்து மனைவியின் குரல் வந்தது.

“ரோல்ஸ் பொரிச்சி முடியல்ல. அதுக்குள்ள மெச் முடிஞ்சா?”

சகோதரிகளே, அன்று அந்தப் போட்டி அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் அல்லாஹ் எனக்கு ஒரு நன்மையை வைத்திருந்தான் என்று பிறகுதான் விளங்கியது. அது இரவு வரைக்கும் நீண்டிருந்தால் நான் கதிரையை விட்டு எழும்பியிருக்க மாட்டேன். முடிந்துவிட்டதால் வேறு வேலை இல்லாமல் குசினிப் பக்கம் போனேன். அங்கே மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, சின்னப் பலகையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. கணுக்கால் இரண்டும் வீங்கி இருந்தன.

“எனத்தியன் செய்யுது?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்ல. களைப்பு. கொஞ்ச நாளாவே இப்படித்தான் ஈக்கி.”

கொஞ்ச நாளாகவே! அந்தக் கொஞ்ச நாளில் நான் எத்தனை மெச் பார்த்தேன், எந்த ஆட்டக்காரருக்கு எந்த முழங்காலில் வலி, யார் எத்தனை வாரம் விளையாட மாட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் வீட்டுக் குசினியில் நிற்கும் கால்கள் வீங்கி இருப்பது தெரியாது.

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தோம். தோல்வியின் துக்கத்தை ஆற்றிக்கொள்ள நான் மகனுக்குப் பழைய பெருமை பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் கண்டிச் சீமையின் முரளிதரனைப் பற்றி. அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர். பேரன் கட்டுகஸ்தோட்டைப் பாடசாலை ஒன்றில் விளையாடிப் பழகி, 1992இல் இலங்கை டெஸ்ட் அணிக்குள் வந்து, 2010ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலி மைதானத்தில் தன் கடைசி டெஸ்டில் 800ஆவது விக்கட்டை எடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். “133 டெஸ்ட் போட்டிகள் மகன்! 44,039 பந்து போட்டிருக்கிறார். யோசித்துப் பார், ஒரு மனுசனின் கை 44,039 தடவை சுழன்றிருக்கிறது!” என்றேன்.

மூத்த மகள் கணக்கில் கெட்டிக்காரி. தட்டில் இருந்த ரொட்டியைப் பார்த்தாள். உம்மாவைப் பார்த்தாள்.

“உம்மா, ஒரு நாளைக்கு எத்தன ரொட்டி சுடுவீங்க?”

“காலைக்கும் ராவைக்கும் பத்து வரும்.”

“நீங்க கலியாணம் முடிச்சி 19 வருஷம். பத்து தர 365 தர 19...” என்று வாய்க்குள் பெருக்கினாள். “69,350. வாப்பா, உம்மா முரளிய எப்பவோ தாண்டிட்டாங்க.”

மகன் உடனே எதிர்த்தான். “நோன்பு மாசத்தக் கழிக்கோணும்!”

“நோன்பு மாசத்திலதான் மகன் வேலை கூட” என்றார் மனைவி.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. 69,350 தடவை மாவைத் தட்டிய கைக்கு இந்த வீட்டில் யார் எழும்பி நின்று கைதட்டினோம்? முரளிக்கும் ஓய்வு கிடைத்தது. இவருக்கு ஓய்வு பெறும் திகதி எது?

அடுத்த வாரம் டொக்டரிடம் போனோம். இரத்தம் பார்த்தார்கள். சீனி வருத்தம், பிரஷரும் கொஞ்சம் கூட. அந்த லேடி டொக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, “மௌலவி, மருந்து நான் தருவேன். நடை நீங்கதான் கொடுக்க வேணும். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள். அவங்க தனியப் போகமாட்டாங்க. கூடப் போங்க” என்றார். கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பு வியர்க்க அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்லும் கணக்குத்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார். “எனக்கேலா. மௌலவிட பெஞ்சாதி ரோட்டில நடந்து திரியிறாண்டு ஊர் சொல்லும். எனக்கு வெக்கமா ஈக்கி.”

இங்கே நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது. எனக்கும் அதே வெட்கம்தான். ஜும்ஆ மேடையில் நின்று பேசுகிற ஆள், காலையில் மனைவியோடு கைவீசிக்கொண்டு நடந்தால் கடைத்தெரு என்ன சொல்லும்? “சரி, வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடங்கள்” என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டின் நீளம் எவ்வளவு தெரியுமா? வாசலில் இருந்து குசினி வரை பதினான்கு எட்டு. அந்தப் பதினான்கு எட்டைத்தானே அவர் பத்தொன்பது வருஷமாக நடந்துகொண்டிருந்தார்!

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே யோசிக்கையில், பல வருஷங்களுக்கு முந்திய இன்னொரு தூக்கமில்லாத இரவு நினைவுக்கு வந்தது.

1996ஆம் ஆண்டு மார்ச் 17. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. எனக்குப் பதினாறு வயது. அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்தேன். விடுதியில் தொலைக்காட்சி கிடையாது. வானொலிக்கும் அனுமதி இல்லை. ஆனால் எங்கள் அறையில் தலையணை உறைக்குள் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. அவுஸ்திரேலியா 241 ஓட்டம் எடுத்தது. நாங்கள் இஷாவை ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு, விளக்கை அணைத்து, ஆறு பேர் ஒரே போர்வைக்குள் புகுந்துகொண்டோம். ஜயசூரிய போய்விட்டார். களுவிதாரனவும் போய்விட்டார். 23 ஓட்டத்துக்கு 2 விக்கட். ஒருவன் போர்வைக்குள்ளேயே அழத் தொடங்கினான். பிறகு அரவிந்த டி சில்வாவும் குருசிங்கவும் நின்று ஆடினார்கள். அழுதவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த நேரத்தில்தான் போர்வைக்கு மேலே டோர்ச் வெளிச்சம் விழுந்தது.

ஹஸரத்!

அவர் சத்தம் போடவில்லை. “இஷா தொழுதீர்களா?” என்று கேட்டார். தொழுதோம் என்றோம். “நாளைப் பாடம் பார்த்தீர்களா?” என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கையை நீட்டினார். ரேடியோவைக் கொடுத்தோம். போய்விட்டார்.

இருட்டில் படுத்துக் கிடந்தோம். என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். திடீரென்று தூரத்தில் பட்டணத்துப் பக்கம் ஒரு பட்டாசு வெடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு மலைக்கு மலை எதிரொலிக்க வெடித்துக்கொண்டே இருந்தது. லயங்களில் இருந்தும் சத்தம் கேட்டது. நாங்கள் வென்றுவிட்டோம்! 46.2 ஓவரில் 245 ஓட்டம், அரவிந்த ஆட்டமிழக்காமல் 107 என்பதெல்லாம் மறுநாள்தான் தெரிந்தது. யார் வென்றது என்பதைப் பட்டாசு சொல்லிவிட்டது.

மறுநாள் காலை மிஷ்காத் பாடம். ஹஸரத் ரேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அடி விழும் என்று பார்த்தோம். அவர் கிதாபைப் புரட்டிக்கொண்டே, “நேற்று முழுக்க மற்றவன் ஓடுவதைக் காது கொடுத்துக் கேட்டீர்களே. எங்கள் நாயகம் (ஸல்) அவர்கள் யாரோடு ஓடினார்கள் தெரியுமா?” என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த ஹதீஸை அன்றுதான் முதலில் கேட்டோம். அபூதாவூதிலும் முஸ்னத் அஹ்மதிலும் வருவது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் ஆட்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரழி) அவர்களை ஓட்டப் போட்டிக்கு அழைக்கிறார்கள். அன்னையவர்கள் அப்போது மெல்லிய உடம்புக்காரர். ஓடி வென்றுவிடுகிறார்கள். நபியவர்கள் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். காலம் போகிறது. அன்னையவர்களுக்கு உடம்பில் சதை பிடிக்கிறது. முன்னைய ஓட்டமும் மறந்துபோகிறது. இன்னொரு பயணம். மறுபடி ஆட்களை முன்னால் போகச் சொல்கிறார்கள். மறுபடி போட்டிக்கு அழைக்கிறார்கள். இந்தத் தடவை நபியவர்கள் முந்துகிறார்கள். சிரித்துக்கொண்டே, அன்றைக்கு இன்றைக்குச் சரியாகிவிட்டது என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொல்கிறார்கள்.

வகுப்பில் எல்லோரும் வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டு சிரித்தோம். ஹஸரத்தும் சிரித்தார். “இன்றைக்கு இதை மனப்பாடம் பண்ணலாம். விளங்குவதற்கு இருபது வருஷம் போகும். உங்கள் பெண்சாதிமாருக்குச் சதை போட்டு, உங்களுக்கு அதைவிட அதிகமாகப் போட்ட பிறகு விளங்கும்” என்றார்.

ஹஸரத் சொன்னது அப்படியே நடந்தது. நான் இந்த ஹதீஸை எத்தனை கலியாண வீட்டில் சொல்லியிருப்பேன்! மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நஸீஹத் என்று எழும்பி நின்றால், முதலில் வருவது இதுதான். கேட்கிறவர்கள் ரசிப்பார்கள். ஆனால் என் வீட்டில் இதை ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

அதோடு இன்னொரு சம்பவமும் அன்றிரவு என்னைக் குத்தியது. புஹாரியில் வருவது. ஸல்மான் (ரழி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரழி) அவர்களின் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே உம்முத்தர்தா (ரழி) அவர்கள் தம்மைக் கவனித்துக்கொள்ளாமல் பழைய உடுப்போடு இருப்பதைக் காண்கிறார்கள். ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தின்மீது நாட்டமே இல்லை என்பது அவர்களின் பதில். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் (ரழி) அவர்கள் சும்மா விடவில்லை. தம்மோடு உண்ண வைத்தார்கள், இரவில் உறங்க வைத்தார்கள், இரவின் பின்பகுதியில் இருவருமாக எழுந்து தொழுதார்கள். பிறகு, உம் இறைவனுக்கு உம்மீது ஹக்கு உண்டு, உமக்கே உம்மீது ஹக்கு உண்டு, உம் குடும்பத்துக்கும் ஹக்கு உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடும் என்று சொன்னார்கள். நபி (ஸல்) அவர்களிடம் இது போனபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள்.

சகோதரிகளே, அபுத்தர்தா (ரழி) அவர்களாவது வணக்கத்தில் மூழ்கி வீட்டை மறந்தார்கள். நான் எதில் மூழ்கி மறந்தேன்? பாதி பயான், பாதி கிரிக்கட்!

மறுநாள் ஸுபஹ் தொழுதுவிட்டு வந்ததும், “கிளம்புங்கள்” என்றேன்.

“எங்க?”

“நடக்க.”

மகனுக்குச் சின்னதாகிப்போன வெள்ளைப் பாடசாலைச் சப்பாத்து ஒரு சோடி இருந்தது. அது மனைவியின் காலுக்குச் சரியாக இருந்தது. அபாயாவுக்கு மேலே ஒரு சுவெட்டர், தலையைச் சுற்றி ஒரு சால்வை. நானும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டேன். பட்டணத்துப் பக்கம் போகாமல் தோட்டப் பாதையில் திரும்பினோம். பத்து எட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். நாயகம் (ஸல்) அவர்கள் ஆட்களை முன்னால் போகச் சொன்னார்கள். எங்களுக்கு மலைநாட்டுப் பனியே ஒரு திரை போட்டுக் கொடுத்தது.

முதல் வாரம் மேட்டில் ஏறும்போது இருவருக்கும் மூச்சு வாங்கியது. எனக்குத்தான் கூடுதலாக. அப்போது பின்னால் பேச்சுச் சத்தம் கேட்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் பெரட்டுக்களத்துக்குப் போவார்கள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. எங்களைத் தாண்டி விடுவிடென்று ஏறிப் போய்விடுவார்கள். நாளுக்குப் பதினெட்டு, இருபது கிலோக் கொழுந்து என்று கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள். மழையோ வெயிலோ அந்தச் சரிவில் ஏறி இறங்கினால்தான் அவர்களுக்கு அன்றைய பேர் விழும். அதிலே வயதான ஓர் அம்மா எங்களை நாலைந்து நாள் பார்த்துவிட்டு ஒருநாள் நின்றார்.

“ஏங்கய்யா மௌலவி, நாங்க சம்பளத்துக்கு மலையேறுறோம். நீங்க டாக்டருக்குச் சல்லியும் குடுத்துட்டு மலையேறுறீங்களே!”

கூட வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தார். வெட்கம் போனது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அந்த அம்மாவும் என் மனைவியும் சலாமுக்குப் பதிலாக வணக்கம், வணக்கத்துக்குப் பதிலாகச் சலாம் என்று பேசிக்கொள்ளும் அளவுக்குச் சிநேகமாகிவிட்டார்கள். அந்த அம்மாவுக்கும் முழங்கால் வலி இருக்கிறது என்பதும், அதற்கு ஒருநாள் லீவு எடுத்தால் ஒருநாள் சம்பளம் போய்விடும் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. நாம் குடிக்கும் தேத்தண்ணிக்குப் பின்னால் எத்தனை கால்கள் நடந்திருக்கின்றன என்பதை நடந்து பார்த்தால்தான் விளங்குகிறது.

ஊர் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். சொல்லத்தான் செய்தது. “மௌலவி ஹனிமூன் போறார்” என்றார் கடைத்தெருவில் ஒருவர். ஒரு மாதம் கழித்து அவரே மனைவியைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் இருந்து வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் காணாத மாதிரிப் போய்விட்டோம்.

வருஷம் ஒன்று போனது. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28ஆம் திகதி. மறுபடி ஞாயிற்றுக்கிழமை, மறுபடி ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி, மறுபடி இந்தியா. ஆனால் இது தம்புள்ளையில், பெண்கள் ஆடும் போட்டி. மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள். “வாப்பா, இது எங்கட மெச். நீங்க பார்க்கவும் ஏலாது. உம்மாவும் நானும் மாமிமாரும் பாக்கிற. நீங்க குசினி.”

மார்க்கத்தீர்ப்பு வழங்க வேண்டிய என் வாயை என் மகளே அடைத்துவிட்டாள். நான் குசினிக்குள் போனேன். ரோல்ஸ் சுருட்டினேன். சகோதரிகளே, ரோல்ஸ் சுருட்டுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எண்ணெயில் போட்டதும் என் ரோல்ஸ் எல்லாம் வாயைத் திறந்துகொண்டன. மீன் ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம். உள்ளே இருந்து அடிக்கடி சத்தம் வரும். “வாப்பா, சமரி அரைச் சதம்!” “வாப்பா, ஹர்ஷிதா அடிக்கிறா!” இந்தியா 165 எடுத்தது, நம் பெண்கள் எட்டு விக்கட்டால் வென்று முதல் தடவையாக ஆசியக் கிண்ணத்தைத் தூக்கினார்கள். வீட்டில் இருந்த பெண்கள் எல்லாம் எழும்பி நின்று கைதட்டினார்கள். நான் கரண்டியோடு வாசலில் போய் நின்றேன். மனைவி திரும்பிப் பார்த்து, “மெச் முடிஞ்சி. ரோல்ஸ் இன்னும் பொரிச்சி முடியல்லயா?” என்று கேட்டார்.

பத்து மாதமாக வைத்திருந்து கேட்ட கேள்வி அது.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விளையாட்டு என்றதும் எல்லாக் கதவையும் திறந்துவிடச் சொல்கிறேன் என்று ஒருவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழுகை நேரம் தவறக் கூடாது, மறைக்க வேண்டியது மறைந்திருக்க வேண்டும், பந்தயப் பணம் அறவே கூடாது. நுவரெலியாவில் 1875ஆம் ஆண்டு முதல் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. சித்திரை மாதம் சீசன் என்றால் ஊரே அங்கே கூடும். குதிரை ஓடுவதில் குற்றமில்லை. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே மதீனாவில் குதிரைகளை ஓடவிட்டுப் போட்டி நடத்தப்பட்டது. குதிரையின்மீது காசைக் கட்டுவதுதான் சூது. இன்றைக்கு அந்தச் சூது திடலுக்குப் போகாமலேயே கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. உங்கள் பிள்ளைகள் கிரிக்கட் பார்க்கிறார்களா, கிரிக்கட்டில் காசு கட்டுகிறார்களா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

தோற்றால் பைத்தியம் பிடிக்கவும் கூடாது. நாயகம் (ஸல்) அவர்களின் அழ்பா என்ற ஒட்டகத்தை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமத்து அரபி சாதாரண ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு மனம் பொறுக்கவில்லை. உலகத்தில் உயர்ந்து நிற்கும் எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று நபியவர்கள் அவர்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். 1996இல் பட்டாசு கொளுத்தியவர்கள் நாம்தான். 2023இல் 50 ஓட்டத்துக்குச் சுருண்டவர்களும் நாம்தான். இதற்காகச் சாப்பாட்டுத் தட்டை வீசுகிற கணவன்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு அழ்பாவின் கதையைச் சொல்லுங்கள். தட்டை வீசுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டை விட்டு வெளியே வர வசதி இல்லாத சகோதரிகளும் இருக்கிறீர்கள். முற்றத்தில் நடக்கலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம், பிள்ளைகளோடு கயிறு அடிக்கலாம். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் பெருநாள் அன்று பள்ளியில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதைப் பார்க்க ஆசைப்பட்டபோது, அவர்களுக்குப் போதும் என்று தோன்றும் வரை நாயகம் (ஸல்) அவர்கள் நின்று கொடுத்தார்கள். கால் வலிக்கிறது, வேலை இருக்கிறது என்று அவசரப்படுத்தவில்லை. ஆகவே இன்று இரவு சாப்பாட்டு மேசையில் உங்கள் கணவரிடம் கேளுங்கள். எட்டு மணித்தியாலம் கேட்க வேண்டாம்; அரை மணித்தியாலம் கேளுங்கள். அது சலுகை இல்லை, உங்கள் ஹக்கு. அவர் யோசித்தால் இந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்துவிடுங்கள்.

கடைசியாக எங்கள் வீட்டு ஓட்டப் போட்டியையும் சொல்லிவிடுகிறேன்.

தம்புள்ளை மெச் முடிந்த அடுத்த வாரம். அன்று பனி கடுமை. பெரட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். பாதையில் ஒருவரும் இல்லை. சின்னப் பாலம் வரைக்கும் ஓர் ஐம்பது யார் சமதரை இருக்கிறது. “ஓடுவோமா?” என்றேன். மனைவி முன்னும் பின்னும் பார்த்தார். அபாயாவைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். நான் ‘பிஸ்மி’ சொல்லி முடிப்பதற்குள் ஓடத் தொடங்கிவிட்டார்! நானும் ஓடினேன். பாதி வழியில் என் செருப்பு ஒன்று கழன்றது. அதை எடுப்பதா விடுவதா என்று நான் தடுமாறுவதற்குள் அவர் பாலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சிரைக்கச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

“பரவாயில்லை. ஹதீஸில் இரண்டு ஓட்டம் இருக்கிறது. அடுத்ததில் நான் வெல்லுவேன்” என்றேன்.

“அதுக்கு எனக்குச் சதை போடோணுமே. டொக்டர் விடமாட்டா” என்றார்.

அந்த மாதம் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அது போதும். இரண்டாவது ஓட்டத்துக்கு நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

அல்லாஹ் நம் வீடுகளில் சிரிப்பையும், நம் உடம்புகளில் ஆரோக்கியத்தையும், ஒருவர் ஹக்கை மற்றவர் அறிந்து நடக்கும் மனதையும் தருவானாக. ஆமீன்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.